வழியில் இருந்த தூசி

ஆராய்ச்சி மாணவனாக இருந்த இரண்டாம் வருடம், வெடித்த நட்சத்திரம் ஒன்று உருண்டையாக இல்லை என்று கண்டுபிடித்தேன். ராத்திரி இரண்டரை மணி. அறைத்தோழனை எழுப்பிச் சொன்னேன். "சரிடா, லைட்ட அணை" என்றான்.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் தூரத்துச் சூப்பர்நோவா வெறும் புள்ளிதான். புள்ளிக்கு ஏது வடிவம்? ஆனால் வெடித்து விரியும் வாயுவில் எலக்ட்ரான்கள் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி, குறிப்பிட்ட ஒரு திசையில் அதிர்ந்தபடி வரும். பள்ளிப் புத்தகத்தில் தளவிளைவு என்று படித்தோமே, அதுதான். வெடிப்பு உருண்டையாக இருந்தால் எல்லாத் திசைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பூஜ்யமாகிவிடும். நசுங்கியிருந்தால் ஒரு திசை கொஞ்சம் மிஞ்சும். ஒளியின் பாதையில் ஒரு தகட்டை வைத்து 0, 22.5, 45, 67.5 டிகிரி என்று திருப்பித் திருப்பிப் படம் எடுத்தால் அந்த மிச்சம் தெரியும். என் தரவில் மிஞ்சியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார். "நடுவுல இருக்கிற தூசியக் கழிச்சியாப்பா?"

விண்வெளித் தூசித் துகள்கள் முழு உருண்டை அல்ல; சற்று நீண்டவை. காந்தப்புலத்தில் அணிவகுத்து நிற்கும். கடந்துபோகும் ஒளியைச் சீப்பு மாதிரி வாரிவிட்டு, அவையும் ஒரு திசையை மிச்சம் வைக்கும். அதே திசையில் இருந்த சாதாரண நட்சத்திரங்களைப் பார்த்தோம். அதே அளவு, அதே கோணம். ராத்திரி முழுக்க நான் பார்த்துப் பூரித்தது நம் பால்வெளியின் தூசியை.

பிறகு படிப்பை விட்டுவிட்டேன். (இதனால் மட்டும் இல்லை.)

2018 ஜூனில் ஒரு விசித்திர வெடிப்பு தெரிந்தது. வரிசைப்படி தானாக விழுந்த எழுத்துகளால் அதற்குக் 'கவ்' என்று பெயர் அமைந்தது, பசுவேதான். சூப்பர்நோவா என்று சொல்லலாமா என்பதிலேயே சண்டை. லா பால்மா தீவிலுள்ள இரண்டு மீட்டர் லிவர்பூல் தொலைநோக்கியின் தரவை வைத்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. வெடித்த ஆறாம் நாள் வாக்கில் மிச்சம் சுமார் 7 சதவீதம்! தட்டு மாதிரி நசுங்கியிருந்தால்தான் அவ்வளவு வரும். நான் நின்றது அடுத்த வரியில். சில நாள்களிலேயே அது வடிந்துவிட்டது. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசி அவ்வளவு வேகமாக மாறாது. மாறியதாலேயே அது வெடிப்பின் சொந்த வடிவம்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். என்னுடையதும் பிறகு மாறியிருக்குமோ? கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு இரவு.