கரிசல் கோடையில் ஒரு நூல்கண்டு

சித்திரை பிறந்துவிட்டால் ஓட்டப்பிடாரத்துக் கரிசல்நிலம் வாய்பிளக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிக் குழைந்திருந்த மண், ஈரம் வற்ற வற்றச் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி எடுத்து முடிந்த புஞ்சைகளில் பிடுங்கிய பருத்திமார் கட்டுக்கட்டாக அடுப்புக்குக் காத்திருக்கும். வெயில் நூறு பாரன்ஹீட்டைக் கடக்கும் நாள்களில் நண்பகலுக்குப்பின் தெருவில் ஆள்நடமாட்டம் இராது. ஆடுகள்கூட வேப்பமர நிழலைவிட்டு நகர்வதில்லை.

அத்தகைய நண்பகலொன்றில், ஓட்டு வீட்டின் உள்ளறையில் அமர்ந்து ஒரு பெண் விடாமல் பின்னிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த அவளுக்குக் கல்லூரிக்குச் செலுத்தவேண்டிய முதல் பணத்தில் ஒரு பகுதியையேனும் தானே ஈட்டவேண்டும் என்பது விருப்பம். தூத்துக்குடியிலுள்ள கடையொன்று இருபத்து நான்கு வட்ட விரிப்புகளைக் கேட்டிருந்தது. தவணை முப்பது நாள். ஒன்றுக்கு 60 ரூபாய் என்பது பேச்சு. குரோஷா ஊசியும் நூலும் அவளுடைய ஆச்சி, தன் பள்ளிநாளில் தையல் வகுப்பில் கற்று, பேத்திக்குக் கைமாற்றியவை.

எட்டு விரிப்புகளின் சாட்சி

ஐந்து நாளில் எட்டு விரிப்புகள் முடிந்தன. ஆச்சி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். ஐந்து விரிப்புகள் ஒரே அளவாக இருந்தன. மூன்று மட்டும் இரண்டு விரற்கடை சிறுத்து, ஓரம் சுருண்டு, வெண்ணூல் மங்கிய நிறங்கொண்டிருந்தன.

"இந்த மூணும் உச்சிவெயில்ல பின்னினதா தாயி?" என்று ஆச்சி கேட்டார்.

பேத்தி வியப்போடு தலையசைத்தாள். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கையிலான கண்ணிகள். எனினும் அளவு மாறியிருந்தது. மாறியது கைதான். வியர்த்த விரலில் நூல் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நூலை விரல் தன்னையறியாமல் இழுத்துப் பிடிக்கும். இழுத்துப் பிடித்த நூலில் கண்ணி இறுகும். இறுகிய கண்ணிக்குள் ஊசியை நுழைக்க மேலும் விசை வேண்டும். அதனால் கை மேலும் வியர்க்கும். வெப்பம் இவ்வாறு வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் தன் கணக்கை எழுதிவிடுகிறது.

மூன்றையும் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. குரோஷாப் பின்னலின் பெருந்தன்மை இதுவே. ஊசியில் பெரும்பாலும் ஒரே கண்ணி நிற்பதால் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். உழைத்த நேரம் மட்டுந்தான் வீணாகும்.

வெயிலோடு ஒத்துப்போதல்

அன்று மாலை ஆச்சி கற்பித்தது புதிய பின்னலை அன்று, பின்னும் முறையை. கோடையில் பருத்தி நூலே கைக்கு இசைந்தது. கம்பளி நூல் தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்திச் சூட்டைக் காக்கும் இயல்பினது. குளிர்நாட்டுக்கு அது வரம், கரிசல் காட்டுக்கு அது சுமை. பருத்தியோ ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். நனைந்தால் வலுக்குறையும் இழைகள் பலவிருக்க, பருத்தி நனையும்போது வலுக்கூடுகிறது. குரோஷா நூலின் பளபளப்புக்கு எரிசோடாக் கரைசலில் அதனைப் பதப்படுத்தும் முறை காரணம். அம்முறையைக் கண்டறிந்த ஜான் மெர்சரின் பெயராலேயே அந்நூல் இன்றும் வழங்குகிறது. நூலின் எண் கூடக்கூட அதன் பருமன் குறையும். எண் 40 நூல் எண் 20 நூலைவிட மெல்லியது. கண்ணுக்கும் விரலுக்கும் கூடுதல் உழைப்பைக் கேட்பது. ஆகவே மெல்லிய நூலும் கருநிற நூலும் காலை வெளிச்சத்துக்கே உரியவை.

கோடையில் பெரிய கட்டில் விரிப்பைத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது. பின்னப் பின்ன அது வளர்ந்து மடியை மூடி, போர்வை போர்த்தியதுபோல் உடம்பைப் புழுங்கவைக்கும். அதையே சிறுசிறு சதுரங்களாகப் பின்னி, ஐப்பசிக் குளிர்ச்சியில் ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம். நூல்கண்டைத் தரையில் உருளவிடாமல் ஓர் எவர்சில்வர் தூக்குக்குள் வைத்தால், புழுதி படியாமல் நூல் சீராக வெளிவரும். அரைமணிக்கொருமுறை கையைக் கழுவிப் பருத்தித் துண்டால் துடைக்கவேண்டும். இரும்பு ஊசியை வியர்வையோடு வைத்தால் துருவேறும். அத்துரு வெண்ணூலில் படிந்தால் எளிதில் போகாது. ஆகவே ஊசியையும் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றிவைக்கவேண்டும். எழுந்து நடந்து, விரல்களை விரித்து மடக்கி, தொலைவிலுள்ள பனைமரத்தைச் சற்றுநேரம் பார்த்தால் கழுத்தும் கண்ணும் இளைப்பாறும். நீராகாரமோ மோரோ பதநீரோ அருகில் இருத்தல் நன்று. தலைவலியும் கிறுகிறுப்பும் தோன்றினால், எத்தனை கண்ணி எஞ்சியிருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிடவேண்டும்.

"நண்பகல் நமக்கில்லை, அது வெயிலுக்கு" என்பது ஆச்சியின் தீர்ப்பு.

பேத்திக்கு அச்சம் தவணையைப் பற்றியது. அவள் குறிப்பேட்டை எடுத்துக் கணக்கிட்டாள். ஒரு விரிப்புக்கு நான்கு மணிநேரம் ஆகிறது. விடிந்தது முதல் இரண்டு மணிநேரமும், வெயில் சாய்ந்தபின் திண்ணையில் இரண்டு மணிநேரமும் பின்னினால் நாளுக்கு ஒன்று முடியும். வேண்டியவை பத்தொன்பது, எஞ்சிய நாள்கள் இருபத்தைந்து. நண்பகலைத் தொடாமலேயே வேலை முடியும் என்பதைக் கணக்கு சொல்லிற்று. அவளை நண்பகலில் அமரவைத்தது தவணையன்று, பதற்றமே.

நூலோடு வந்த வரலாறு

ஊசிவேலை பெண்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறு கூறுகிறது. 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குப் பள்ளி நடத்திச் சரிகைப்பின்னல் எனப்படும் லேஸ் வேலையைக் கற்பித்தார். அது திண்டின்மேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது; கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவினின்றும் வேறானது. அவ்வருவாயைக்கொண்டு அடிமைநிலையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் அந்நாளில் இருந்தனர். மார்த்தாவின் மகள் எலிசா, 1844ஆம் ஆண்டு கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அக்கலையும் உடன்வந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவான அதே தேரிக்காட்டு ஊரில், பெண்களின் விரல்களில் நூலும் ஓர் இலக்கணம் கற்றது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அங்கே கன்னிமாடங்களும் பள்ளிகளும் குரோஷாவைப் பரப்பின. பல குடும்பங்களுக்கு அந்த ஊசியே உணவளித்தது. விளைச்சல் பொய்க்கும்போது கைத்தொழில் குடும்பத்தைத் தாங்கும் என்பதை, வானம் பார்த்த பூமியில் வாழும் கரிசல்மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் கைத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆந்திரத்தின் நர்சாபூர்ப் பகுதியில் குரோஷாப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் 1982ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் பின்னியவை கடல்கடந்து விலைபோயின. அவர்களோ 'வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்' என்றே கருதப்பட்டனர். ஓய்வுநேரத்தில் செய்வதாகச் சொல்லப்பட்டதால் அவர்களுடைய உழைப்பு வேலையாக மதிக்கப்படவில்லை. கூலியும் மிகக் குறைவாகவே இருந்தது.

குறிப்பேட்டின் மறுபக்கம்

பேத்தியின் குறிப்பேட்டிலும் அந்த உண்மை ஒளிந்திருந்தது. ஒரு விரிப்புக்கு 60 ரூபாய். நூலுக்கு 12 ரூபாய் போக, நான்கு மணிநேர உழைப்புக்கு 48 ரூபாய். மணிக்குப் பன்னிரண்டு ரூபாய்! தன் நேரத்துக்கு விலை உண்டு என்பதை அவள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டில் இருந்தபடி செய்வதுதானே என்று அவளே நினைத்திருந்தாள்.

அந்தக் கணக்கை எழுதியது ஓட்டப்பிடாரம் என்பது தற்செயல்தான், ஆயினும் பொருத்தமானது. 1872 செப்டம்பர் 5ஆம் நாள் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் அது. கரிசலின் பருத்தியை நூலாக்கிய ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலையில், 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். தொழிலாளர்கள் கேட்டவை இரண்டு பெரும்பொருள்கள்: உழைப்புக்கேற்ற கூலி, உடம்புக்கேற்ற ஓய்வு. அப்போராட்டம் வென்றது, கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. ஆலைக்குள் நூற்பவர்க்குரிய அந்த நீதி, வீட்டுக்குள் பின்னுபவர்க்கும் உரியதே.

இருபத்து நான்கு விரிப்புகளும் தவணைக்கு நான்கு நாள் முன்னரே முடிந்தன. ஆச்சி அவற்றை மென்மையாகத் துவைத்து, கஞ்சி போட்டு, ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் உலர்த்தினார். பேத்தி அவற்றோடு குறிப்பேட்டையும் கடைக்கு எடுத்துச்சென்றாள். இம்முறை பேசிய விலையையே பெற்றுக்கொண்டாள். ஒப்புக்கொண்ட சொல்லை மாற்ற அவளுக்கு மனமில்லை. அடுத்த தவணைக்கு மட்டும் ஒன்றுக்கு 100 ரூபாய் கேட்டு, நான்கு மணிநேரக் கணக்கைக் காட்டினாள். கடைக்காரர் விரிப்புகளை அடுக்கிப் பார்த்தார். இருபத்து நான்கும் ஓரளவாக நின்றன. நெடுநேரப் பேச்சுக்குப்பின் 85 ரூபாய்க்கு இசைந்தார்.

அது பெருந்தொகையன்று. அவள் கல்லூரிப் பணத்தின் பெரும்பகுதியை வேறுவழியில்தான் திரட்டவேண்டியிருந்தது. ஆயினும் ஊர் திரும்பிய மறுநாள் விடியலில், பனைகளுக்கு அப்பால் வெளிச்சம் படரும் வேளையில், திண்ணையில் அமர்ந்து முதல் கண்ணியை அவள் போட்டபோது விரல்கள் தளர்ந்திருந்தன. நூல் தடையின்றி ஓடிற்று. வெயில் ஏறத் தொடங்கியதும் ஊசியைத் துடைத்துத் துணியில் சுற்றி, தூக்கை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். வரிசை பாதியில் நின்றது. மாலையில் அது அங்கேயே இருக்கும்.