மழையும் இல்லை, காசும் இல்லை

எங்கள் மரக்காணம் பக்கத்தில் வெயில் காய்ந்தால் உப்பு விளையும், மழை பெய்தால் நெல்லும் மணிலாவும் விளையும். அதனால் பல வீடுகளில் கோடையில் உப்பளம், மழைக்காலத்தில் கழனி வேலை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று சோறு போடும்.

2016 கடைசியில் அந்தக் கணக்கு உடைந்தது. ஐப்பசி வந்ததும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், அது வழக்கம்தான். ஆனால் அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் 62 சதவீதம் குறைந்தது. நடவுக்கே தண்ணீர் இல்லை. நடுவில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். விவசாயி நம்பியிருந்த மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. கழனிக்காரர் கையிலேயே செல்லும் நோட்டு இல்லாதபோது கூலிக்கு எங்கே போவார்?

2017 ஜனவரி 10 அன்று முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்கள், நல்லதுதான். ஆனால் நிவாரணம் ஏக்கர் கணக்கில் வந்தது. நாற்று நட்டே பிழைக்கிற அக்காவுக்கு ஏக்கர் ஏது?

இன்று உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லா மழை மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் தருகிறது. வறட்சி வருடத்தில் நிலமில்லாத கழனிக் கூலிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.