முட்டுக்காட்டில் இரண்டு வாசல்கள்

கல்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்படும் குடும்பத்துக்கு, பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. பதினைந்து கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அதைத் தாண்டினால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. முட்டுக்காட்டில் படகுக் குழாம், தட்சிணசித்ரா, எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட். இன்னும் மேலே ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி. திருப்போரூர் பக்கம் ஒதுங்கினால் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வண்டர்லா. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து இந்தச் சாலையில் வேன்களும் பேருந்துகளும் வரிசை கட்டுகின்றன.

இதே முட்டுக்காட்டில் இன்னொரு வாசலும் இருக்கிறது. பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு 2005-இல் நிறுவிய தேசிய நிறுவனம், ‘நீப்மெட்’. பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் சிறப்புக் கல்விக்குமாகத் தென்மாவட்டங்களிலிருந்துகூடப் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கும் ராட்டினத்தில் ஏற ஆசை உண்டு. ஒரே ஊரில் இருக்கும் அந்த வாசலிலிருந்து இந்த வாசலுக்குப் போக, அந்தக் குடும்பம் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

மற்ற வீடுகளில் டிக்கெட் எவ்வளவு, மாற்றுத்துணி எத்தனை, சாப்பாடு உள்ளே விடுவார்களா என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். சக்கர நாற்காலி இருக்கும் வீட்டில் கேள்விகள் வேறு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம்? நடுவில் மணலா, சரளையா? கழிப்பறைக் கதவு வழியே நாற்காலி நுழையுமா? நுழைந்தபின் திரும்ப இடம் உண்டா? நிழலில் உட்கார இடம் எங்கே? ராட்டினத்தில் ஏறும் மேடைக்கு எத்தனை படி? இவற்றில் ஒன்றுக்குக்கூட டிக்கெட் விற்கும் இடத்தில் பதில் எழுதி வைத்திருப்பது அரிது. கல்பாக்கத்துக்கு ரயில் இல்லை. அருகிலுள்ள பெரிய நிலையம் செங்கல்பட்டு. எனவே பயணம் பேருந்தில் அல்லது வாடகை வண்டியில். நாற்காலியை மடக்கி வைக்கப் பின்பக்கம் இடம் இருக்கும் வண்டியா என்பதிலிருந்தே விசாரணை தொடங்கிவிடுகிறது.

இத்தனை விசாரணையையும் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இருக்கும் அந்த ஒருவர், பெரும்பாலும் பாட்டியோ பெரியப்பாவோ, கடைசியில் சொல்வது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.” வீட்டில் உள்ளவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். நம்புவது அவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. தன்னால் மற்றவர்களின் நாள் கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் சொல்லப்படும் வார்த்தை அது. ஆசை இல்லாததால் சொல்லப்படுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும் குடும்பத்தில்தான் திட்டமிடல் என்ற ஒன்று உண்மையில் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத நோய்களின் கதை இன்னும் சிக்கலானது. இன்சுலின் போடும் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதும் 30 டிகிரியைத் தாண்டினால் வீரியம் குறையத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பனிக்கட்டியை நேராக ஒட்டி வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின் உதவாது. தண்ணீரில் நனைத்து எடுத்துச் செல்லும் குளிர்ப்பைகள் கிடைக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும் அதே மண்பானைத் தத்துவம்தான். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை மண்பானைக்குள் வைத்துக் காப்பது நம் ஊரில் பழகிய வழி.

நீச்சல், ஓட்டம், நேரம் தவறிய சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கி வியர்க்கும் நேரத்தில் சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருந்தாக வேண்டும். வெளி உணவுக்குத் தடை போடும் பூங்காக்கள் பல. வாசலில் பையைச் சோதிக்கும் ஊழியருக்கு அந்தப் பிஸ்கட் பொட்டலம் மருந்து என்று தெரியாது. மருத்துவரின் சீட்டு கையில் இருந்தால் வாக்குவாதம் மிச்சம். இடுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டியிருப்பவர்கள் வேகமாகச் சுழலும், உயரத்திலிருந்து விழும் ரைடுகளுக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள். கழற்றிய நேரத்தையும் மறுபடி மாட்டும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர் தேவை.

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு விடுமுறை என்பதே இரண்டு டயாலிசிஸ்களுக்கு நடுவில் கிடைக்கும் ஒன்றிரண்டு நாள்தான். அவருக்குத் தண்ணீர் அளந்துதான். மே மாதக் கடற்கரையில் மற்றவர்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்துத் தாகத்தை அடக்கும்போது, அவருக்கு நிழல் ஒன்றுதான் துணை. ஆகவே இந்தக் கடற்கரைக்கு அவர் வர ஏற்ற காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம்; சித்திரையிலும் வைகாசியிலும் வெயில். ஆனால் பள்ளி விடுமுறையோ அந்த வெயிலில்தான் வருகிறது. பேரப்பிள்ளைகளோடு போக வேண்டுமென்றால் பொங்கல் விடுமுறையைப் பிடிக்க வேண்டும், அப்போது கூட்டம் மொய்க்கும். இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கிறது.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் நிலையை யாரும் நினைப்பதே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தண்ணீர் விளையாட்டுக்கு முன் காதுக்கு வெளியே மாட்டியிருக்கும் பகுதியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய கணத்திலிருந்து காவலரின் விசில் அந்தப் பிள்ளைக்குக் கேட்காது. குளத்தருகே நிற்கும் காவலரிடம் பெற்றோர் முன்கூட்டியே போய்ச் சொல்லி, கையால் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை.

ரைடுகளைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கும் பலகைக்குக் காரணம் உண்டு. அவசரத்தில் இறக்குவது எப்படி என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2025 மே 27 அன்று ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்றுபோய், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் அந்தரத்தில் சிக்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்துதான் அவர்களைப் பத்திரமாக இறக்கினார்கள். அந்த இருக்கையில் காலை அசைக்க முடியாத ஒருவர் இருந்திருந்தால் எப்படி இறக்கியிருப்பார்கள்? சக்கர நாற்காலியில் வருபவரைச் சில ரைடுகளில் ஏற்ற மறுக்கும்போது பூங்கா சொல்லும் காரணம் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கதவை மூடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஏற்றும் வழியையும் இறக்கும் வழியையும் ரைடை வடிவமைக்கும்போதே யோசித்திருக்கலாம்.

யோசித்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2012 மார்ச்சுக்குப் பின் புதிதாக அமைக்கப்படும் ரைடுகளில் நாற்காலியோடு ஏற இடம், அல்லது நாற்காலியிலிருந்து மாறி உட்கார ஏற்ற இருக்கை, அல்லது மாற்றிவிடும் கருவி, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்பவர் விதியைத் தாண்டியும் போனார். விடுமுறைக்குப் போன இடத்தில், நீச்சல் குளத்தில் மாற்றுத்திறனாளியான தன் மகள் மார்கன் மற்ற பிள்ளைகளோடு சேர ஆசைப்பட்டு நெருங்கியபோது அவர்கள் விலகிப் போனதைப் பார்த்தவர் அவர். வீடு கட்டும் தொழிலை ஏற்கெனவே விற்றிருந்த அவர், 2010-இல் ‘மார்கன்ஸ் வண்டர்லாண்ட்’ என்ற பூங்காவைத் திறந்தார். அங்கே குடை ராட்டினத்தில் சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-இல் நீர்ப் பூங்காவும் வந்தது. மின்கலம் நனைந்தால் கெடும் என்பதால், அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் நாற்காலியைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடமாக அதைக் கட்டியதில்தான் அந்தத் தகப்பனின் பெருமை.

டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அவர்கள் திரும்பி வர வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம். 2024-இல் அதை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை முதன்மையாகக் கொண்டு சுருக்கியதால், பிற நோய்கள் உள்ளவர்கள் கொதித்தெழுந்தார்கள். நம் ஊர்ப் பூங்காக்களிலும் வரிசையைத் தாண்டும் சீட்டு இருக்கிறது. கூடுதலாகப் பணம் கட்டினால் கிடைக்கும். வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பொருள். இரைச்சலும் நெரிசலும் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்கும், பத்து நிமிடம் நின்றால் கால் வீங்கும் முதியவருக்கும் அடையாள அட்டையைப் பார்த்து அதே சீட்டைக் கொடுப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை தேவை. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் சேர்த்தே ரயில்வே சலுகை தருகிறது. அந்த நியாயம் பூங்காவுக்கும் பொருந்தும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முன்பிருந்த 7 வகைகளை 21 ஆக விரித்து, தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் போன்ற நோய்களையும் சேர்த்தது. தனியாருடையதாக இருந்தாலும் பொதுமக்கள் பொழுதுபோக்க வரும் கட்டடம் ‘பொதுக் கட்டடம்’தான் என்று அது சொல்கிறது. அணுகல் விதிகளை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை. பார்வைத்திறன் குறைந்த ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று உத்தரவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு சாய்தளத்துக்காக மனிதர்கள் காத்திருக்கும் காலம் இதுதான் என்பது வேதனைக்குரியது.

சென்னை மெரினாவில் முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிச் சில நாள்களுக்கு மட்டும் கடல்வரை தற்காலிகப் பாதை போடுவார்கள். 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை நிரந்தரமாகத் திறக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் தூரத்திலிருந்தே கடலைப் பார்த்தவர்கள் அன்று கடலில் கால் நனைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. பழுதுபார்த்து மீண்டும் திறந்தார்கள். கடலோரத்தில் ஒருமுறை கட்டினால் போதாது, பராமரிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு வாரம் காட்டியது. மாமல்லபுரம் கடற்கரைக்கும் கல்பாக்கத்தின் சதுரங்கப்பட்டினக் கரைக்கும் அப்படி ஒரு பாதை வர வேண்டும்.

அதுவரை கல்பாக்கத்துக் குடும்பம் என்ன செய்யலாம்? முதல் பயணத்தைக் கிட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு சாலையை ஒட்டியே இருக்கிறது. 27 மீட்டர் அகலப் பாறையில் யானைக் கூட்டமும் தவம் செய்யும் பூனையும் செதுக்கப்பட்டிருப்பதை நாற்காலியில் இருந்தபடியே நிதானமாகப் பார்க்கலாம். கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்தும் சாலையிலிருந்தே தெரியும். கலங்கரை விளக்கமும் மகிடாசுரமர்த்தினி குகையும் பாறைப் படி ஏற வேண்டியவை. ஐந்து ரதங்களில் மணல். காலை எட்டு மணிக்குள் போய்ப் பத்துக்குள் நிழலுக்குத் திரும்பிவிடலாம். இப்படி அரைநாள் போய்வந்தால் எங்கே களைப்பு வருகிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும் என்று வீட்டுக்கே பிடிபடும்.

பூங்காவுக்குப் போகும் முன் தொலைபேசியில் பேசும்போது, “வீல்சேர் வசதி இருக்கா?” என்று மட்டும் கேட்டால், “இருக்கு சார், வாங்க” என்றுதான் பதில் வரும். நாற்காலி இருக்கும், படியும் இருக்கும். எத்தனை படி, கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். கழிப்பறையையும் சாய்தளத்தையும் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாரநாளில் போங்கள். மருந்துகளைக் கூடுதலாக ஒரு வேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாக்கம் அணுசக்தித் துறை மருத்துவமனையில் பார்ப்பவர்கள் தங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்திருந்தால், வழியில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் நேரம் வீணாகாது. மிக முக்கியமாக, என்ன பார்க்க ஆசை என்று அவரிடமே முதலில் கேளுங்கள். சிலருக்கு ரைடே வேண்டாம். பேரன் கத்திக்கொண்டே கீழே வருவதைப் பார்த்தால் போதும். அதற்கு அந்த இடத்தில் நிழலில் ஒரு இருக்கை வேண்டும்.

இந்தச் சாலையில் பூங்கா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை படி, இருக்கையின் உயரம் எவ்வளவு, யார் ஏறலாம், நின்றுபோனால் எப்படி இறக்குவீர்கள், கழிப்பறைகள் எங்கே, அவற்றின் கதவு அகலம் என்ன என்பதையெல்லாம் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, டிக்கெட் வாங்கும் முன்பே படிக்கும்படி வாசலில் ஒட்டுங்கள். சக்கர நாற்காலிக்குத் தேவையான கதவு 90 சென்டிமீட்டர். சாய்தளத்தின் சரிவு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் பூங்காவை அடுத்த விடுமுறைக்கு முன் ஒருமுறை டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.