பழுதறிதல்

‘பழுது’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் மொத்தமாகவே வழங்கி வருகின்றோம். வானொலி பழுது, நீரிறைக்கும் இயந்திரம் பழுது, வாகனம் பழுது என்று முழுப் பொருளின்மேலும் குற்றத்தைச் சாற்றிவிடுகின்றோம். ஆயின், ஒரு பொருள் முழுவதும் ஒருசேரப் பழுதடைவது அரிது. அதன் ஓர் உறுப்பு, அவ்வுறுப்பினுள்ளும் ஒரு சிறு பகுதி, தன் தொழிலை நிறுத்திவிடுகின்றது; ஏனையவை வேலை செய்யும் வலுவுடன் அப்படியே இருக்கின்றன. பழுதான பகுதியை நல்ல பகுதியினின்றும் பிரித்தறிவதே திருத்த வேலையின் உயிர்நிலை எனலாம். கலைப்பீட மாணவியாகிய எனக்கு இதனைக் கற்பித்தது, 2023ஆம் ஆண்டு விடுமுறையின்போது பரந்தனிலுள்ள ஒரு தகரக் கொட்டகையில் நடைபெற்ற வேலையொன்றாகும். மோட்டார் வாகனக் குளிரூட்டியின் கிளச்சையும் கொயிலையும் மாற்றும் வேலை அது.

அவ்வாகனம் என் தந்தையாருடையது; இருபது ஆண்டுகள் ஓடிய டொயொட்டா கொரோலா. எங்கள் குடும்பத்தின் வருவாய் அதனொன்றையே நம்பியிருக்கின்றது. கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைக்குச் சென்று புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் நோயாளர் பலர் அவருடைய வாடிக்கையாளர். ஆனையிறவின் உப்புவெளியை நண்பகலிற் கடக்கும்போது ஒதுங்குவதற்கு ஒரு மரநிழலும் இராது. மருந்தேற்றிய உடம்பு அந்த வெக்கையைத் தாங்குவதில்லை. யன்னலைத் திறந்தால் அனலும் தூசியும். மூடினால் புழுக்கமும் வாந்தியும். இந்நிலையில், காலையில் நன்றாகக் குளிரூட்டிய இயந்திரம் பத்து மணியளவில் நின்றுபோவதும், மாலையில் மீண்டும் குளிரூட்டுவதுமாக இரண்டு கிழமைகள் கழிந்தன. வழக்கமாக வரும் இருவர் வேறு வாகனம் பிடித்துக்கொண்டனர். அவர்களை நோவதற்கில்லை.

நகரிலுள்ள ஒரு திருத்தகத்தினர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கொம்பிறெசர் முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அதற்கு அவர்கள் கூறிய தொகை தந்தையாரின் இரண்டு மாத வருவாயை விஞ்சியது. பின்னரே வாகனம் என் மாமாவின் கொட்டகைக்கு வந்தது. அம்மாவின் தம்பியாகிய அவர், கட்டாரில் பத்தாண்டுகளுக்கு மேல் வாகனக் குளிரூட்டி வேலை செய்து திரும்பியவர். முழுக் கதையையும் கேட்ட பின்னர் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வியே. “அத்தான், காலமை குளிருதெண்டு சொல்லுறீங்கள். அப்ப கொம்பிறெசர் எப்பிடிச் செத்தது?”

இக்கேள்வியின் கூர்மையை உணர்வதற்கு அவ்வுறுப்பின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். கொம்பிறெசர் என்பது குளிரூட்டும் வாயுவை அமுக்கிச் சுற்றோடச் செய்யும் ஒரு பம்பி. வாகனத்தின் எஞ்சின் ஒரு பெல்ற்றினால் அதன் முன்புறத்துக் கப்பியை எந்நேரமும் சுழற்றிக்கொண்டிருக்கும். எனினும், கப்பி சுழல்வதனால் மட்டும் பம்பி சுழன்றுவிடுவதில்லை. கப்பி பெயாறிங்கின்மீது சும்மா ஓடிக்கொண்டிருக்க, அதன் முன்னே பம்பியின் அச்சோடு பொருந்திய உருக்குத் தட்டொன்று ஒரு மயிரிடை விலகி நிற்கின்றது. கப்பியின் பின்னே அசையாமற் பொருத்தப்பட்டிருப்பது கொயில். அதாவது, செப்புக் கம்பியாலான மின்காந்தச் சுருள். ஆளியை அழுத்தியதும் சுருளில் மின்னோட்டம் பாய்கின்றது. காந்தப்புலம் தட்டை இழுத்துக் கப்பியோடு ஒட்டச் செய்கின்றது. ‘டக்’ என்னும் ஒலியுடன் பம்பி சுழலத் தொடங்குகின்றது. மின்னோட்டம் நின்றதும் விற்றகடுகள் தட்டைப் பின்னிழுத்துக்கொள்கின்றன. தட்டு, கப்பி, கொயில் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இங்குக் கிளச் எனப்படுவது.

இதன் அருமை வரலாற்றை நோக்குமிடத்து மேலும் தெளிவாகும். 1940ஆம் ஆண்டுக்குரிய பக்காட் வாகனங்களே குளிரூட்டியோடு விற்பனைக்கு வந்த முதல் வாகனங்கள் எனப்படுகின்றன. அவற்றின் கொம்பிறெசருக்குக் கிளச் இருக்கவில்லை. குளிர் வேண்டாமெனின், எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ற்றைக் கையாற் கழற்ற வேண்டியிருந்தது. வேண்டும்போது இணையவும் வேண்டாதபோது விலகவும் வல்ல ஓர் உறுப்பு இல்லையெனின், குளிரூட்டியும் ஒரு தொல்லையாகிவிடும் என்பதற்கு இது சான்று.

மாமா எதனையும் கழற்றவில்லை. முதலில் வாகனத்தைக் கொட்டகையின் வெளியே வெயிலில் நிறுத்தி, குளிரூட்டி தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். அரைமணி நேரத்தில் அது நின்றது. உடனே கொயிலுக்குச் செல்லும் வயரில் மீற்றரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ற்றுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. ஆகவே ஆளியும் றிலேயும் வயரும் குற்றமற்றவை. வாயுவின் அமுக்கமும் குறையவில்லை. எஞ்சினை நிறுத்திய பின், தட்டுக்கும் கப்பிக்கும் இடையில் அளவுத் தகடுகளைச் செருகினார். ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரையும் கடந்திருந்தது. வழுக்கித் தேய்ந்த தட்டின் விளிம்பு சூட்டினால் நீலம் பாரித்திருந்தது.

இடைவெளி மட்டுமே குற்றமாயின், தட்டின் பின்னேயுள்ள மெல்லிய வளையமொன்றை எடுத்துவிட்டால் போதும், செலவே இல்லை. அவர் அதனோடு நின்றுவிடவில்லை. கொயில் சூடாயிருக்கும்போதே அதன் தடையை அளந்தார். மீற்றர் ஒன்றும் காட்டவில்லை. சுருளினுள்ளே வழி அறுந்திருந்தது. ஆறிய பின்னர் அதே கொயில் 3.6 ஓம் காட்டியது. சூட்டில் விரிந்து விலகுவதும் குளிரில் மீண்டும் தொடுவதுமான ஒரு முறிவு உள்ளே இருந்தது. காலையில் இயங்கி நண்பகலில் நின்றதன் காரணம் இதுவே. இறுதியாகத் தட்டைக் கையாற் சுழற்றிப் பார்த்தார். பம்பியின் அச்சு தடங்கலின்றிச் சுழன்றது; எண்ணெய்க் கசிவு காணப்படவில்லை. கப்பியின் பெயாறிங் மட்டும் கரகரத்தது. “பழுதெண்டு சொல்லுறது லேசு, பிள்ளை. எது பழுதில்லை எண்டு சொல்லுறதுதான் வேலை” என்றார். கொம்பிறெசர் பழுதில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

புதிய கிளச்சும் கொயிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பேருந்தில் வந்தன. முழுக் கொம்பிறெசரின் விலையில் அவற்றுக்கு ஐந்திலொரு பங்கும் ஆகவில்லை. அக்காலத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே. இடையில், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துள் 360 ரூபாவையும் கடந்தது. பழையதைக் காப்பதொன்றே வழி என்றிருந்த அவ்வாண்டுகளில் இந்நாட்டின் போக்குவரத்தைத் தாங்கியவை இத்தகைய தகரக் கொட்டகைகள் என்பது மிகைக்கூற்றாகாது.

வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, பெல்ற்றை நீக்கி, தட்டின் நடு ஆணியைக் கழற்றினார். தட்டு வந்தது. பின்னர்க் கப்பியைப் பிடித்திருந்த வளையக் கிளிப், கப்பி, கொயிலைப் பிடித்திருந்த இரண்டாவது கிளிப், கொயில் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கழற்றிய ஒழுங்கைத் தாளில் எழுதுவதும் விளக்குப் பிடிப்பதும் என் பணி. புதிய கொயிலின் பின்புறத்துச் சிறு முளை பம்பியின் உடலிலுள்ள குழியில் அமர வேண்டும். அமராவிடின் கொயில் திரும்பி வயரை அறுத்துவிடும். கிளிப்பின் சரிந்த விளிம்பு வெளிப்புறம் நோக்க வேண்டும். தட்டைப் பொருத்திய பின் இடைவெளியை நான் அளந்தேன், 0.7 இருந்தது. 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு வளையத்தை எடுத்துவிட்டு மூன்று இடங்களில் மீண்டும் அளந்தபோது எங்கும் 0.5 ஆக நின்றது. அதன் பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, புதிய பரப்புகள் ஒன்றோடொன்று படியும்படி இருபது தரம் ஆளியைப் போட்டு நிறுத்தினார்.

இவ்வேலையில் என்னைப் பெரிதும் கவர்ந்த அம்சம், வாயு அடைபட்டிருந்த பகுதி ஓரிடத்திலும் திறக்கப்படாமையாகும். கிளச் முழுவதும் பம்பியின் வெளியே அமைந்திருப்பதால், உள்ளிருக்கும் வாயுவைத் தொடாமலே அதனை மாற்ற இயலும். இவ்வாகனங்களிலுள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில் அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைப் போல் ஏறத்தாழ 1430 மடங்கு வெப்பமேற்றும் இயல்புடையது. ஒரு காரில் ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். முழுக் கொம்பிறெசரையும் மாற்றியிருந்தால் அதனை வெளியேற்ற நேர்ந்திருக்கும். மீட்கும் கருவி இல்லாத இடங்களில் அது வளியிற் கலந்துவிடும். குற்றமற்ற பகுதியைக் குலைக்காமல் விடுவது சிக்கனம் மட்டுமன்று, ஓர் அறமுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

வேலையின் நடுவே எங்களிருவருக்கும் இடையே நிகழ்ந்த ஓர் உரையாடலையும் குறிப்பிடுதல் வேண்டும். நல்ல கொயில்கூட நண்பகலில் ஏன் சோர்கின்றது என்று நான் வினவினேன். “சூடேறினா கொயில் இழுக்காது” என்றார் மாமா. அது அவருக்குப் பல்லாண்டு அனுபவத்தில் வந்த முடிவு. சாதாரணதரப் பரீட்சைக்குக் கற்ற ஓமின் விதி எனக்கு நினைவிலிருந்தது. செப்பின் தடை வெப்பநிலை ஒரு பாகை உயர ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். எண்பது பாகை உயர்ந்தால் 3.6 ஓம் 4.7 ஓமாகும், 12 வோல்ற்றில் 3.3 அம்பியராக இருந்த ஓட்டம் 2.5 அம்பியராகக் குறையும். இழுவிசையோ ஓட்டத்தின் வர்க்கத்தோடு குறைவதால், ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே எஞ்சும். கடதாசியில் இதனைக் கணித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்தார். பின்னர், “உதாலதான் கேப்பைக் குறைச்சு வைக்கிறது” என்றார். இடைவெளி கூடக்கூட இழுவிசை விரைந்து தேயும் என்பதையும் அவர் கை முன்னரே அறிந்திருந்தது.

மின்காந்தம், தடை, காந்தப்புலம் ஆகிய சொற்களை நான் அறிவேன். ஆணியிற் கம்பி சுற்றிய படத்தையன்றி வேறொன்றிலும் அவற்றைக் கண்டதில்லை. மாமா அவற்றை நாள்தோறும் கையாள்கின்றார்; அச்சொற்களால் அவற்றைச் சுட்டியதில்லை. ஒரே அறிவு இரு கூறாகி, ஒரு கூறு பாடப்புத்தகத்திலும் மறு கூறு கொட்டகையிலும் தங்கிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மேலைமருத்துவம் கற்பித்தார். அவருடைய மாணவர்க்கு நூலும் நோயாளியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பிற்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் பாடசாலைகளுக்குப் பெரும் பயனளித்தன. ஆயினும் அவை எண்ணெய் படிந்த கைகளை எட்டவில்லை. கொயில் ‘இழுக்கிறது’, பெயாறிங் ‘கரகரக்கிறது’, தட்டு ‘வழுக்குகிறது’ என்று அங்கே வழங்கும் வினைச்சொற்களும் நம் அகராதிகளுக்கு வந்து சேரவில்லை. பெயர்கள் கடன் பெற்றவையாயினும் வினைகள் தமிழாகவே இருப்பதை ஆராய்வோர் கவனித்தல் தகும்.

வன்னியில் வளர்ந்த நாங்கள் 2009இன் பின்னர் மூத்தோரிடம் அடிக்கடி கேட்ட வாக்கியம், “எல்லாம் பழுதாய்ப் போச்சு” என்பது. அவர்கள் இழந்தவற்றை நோக்குமிடத்து அதனை மறுத்துரைக்கும் தகுதி எமக்கில்லை. ஆயினும் அவ்வாக்கியத்தையே முடிவாகக் கொண்டால், செய்வதற்கு ஒன்றும் எஞ்சாது. இன்னது அறுந்தது, இன்னது இன்னமும் சுழல்கின்றது என்று பிரித்துச் சொல்லப் பழகுவது ஒரு சமூகத்துக்கும் வேண்டிய பயிற்சியே. நம் துறைகள் கற்பிக்கும் பகுப்பாய்வு என்பதும் இதனின் வேறன்று.

எமது தமிழ்ச் சங்கத்தார் விடுமுறைதோறும் ஊர்களுக்குச் செல்பவர்கள். வாகனம், தையல், மின்வேலை, படகு எனப் பல தொழில்களிலும் வழங்கும் சொற்களையும் அத்தொழிலாளர் பழுதறியும் முறைகளையும் ஒவ்வொருவரும் ஒரு கொட்டகையில் அமர்ந்து எழுதி வருவோமாயின், சில ஆண்டுகளில் ஒரு நல்ல தொகுதி உருவாகும். மாமா தமது பங்குக்கு ஒரு கொப்பி தொடங்கியிருக்கின்றார். அதன் முதற்பக்கத்தில் அன்று நான் எழுதிய கணக்கு ஒட்டப்பட்டுள்ளது. அதன் கீழே அவருடைய கையெழுத்தில் 0.5 என்னும் அளவு.