ஒரு மணி நேர இங்கிலீஷ், ஒரே ஒரு விசா எழுத்து

கே-டிராமா பார்க்கிற ஆளா இருந்தா ‘ஹக்வோன்’ங்கிற வார்த்தை உங்களுக்குப் புதுசா இருக்காது. தென் கொரியாவில் பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோடு பிள்ளைகள் போய் உட்காரும் தனியார் பயிற்சி மையம் அது. கணக்குக்கு ஒண்ணு, பியானோவுக்கு ஒண்ணு, இங்கிலீஷுக்குக் கட்டாயம் ஒண்ணு. 2023-இல் பள்ளிப் பிள்ளைகளின் தனியார் படிப்புக்கு அந்த நாட்டுப் பெற்றோர் செலவழித்த தொகை சுமார் 27 லட்சம் கோடி வொன். அந்த வருஷம் நூற்றில் 78 பிள்ளைகள் ஏதோ ஒரு ட்யூஷனுக்குப் போனாங்க. ட்யூஷன் மாஸ்டருக்காக அம்மாக்கள் அடிச்சுக்கிற காட்சியைப் பார்த்துட்டு, ‘ரொம்ப ஓவர்’னு சிரிச்சிருப்பீங்க. அவ்வளவு ஓவர் எல்லாம் இல்லை.

இங்கிலீஷ் ஹக்வோன்களில் பாடம் எடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறாங்க. அதுக்கு ஈ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட் வேணும், டிகிரி வேணும், மேல குற்ற வழக்கு இல்லைன்னு சான்றிதழ் வேணும். டிகிரி எதில் வேணும்னாலும் இருக்கலாம். ஆமாங்க, மெக்கானிக்கல் முடிச்சவரும் போய் இலக்கணம் நடத்தலாம்! நமக்கும் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கு. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தப்படி, இங்கிலீஷ் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் உள்ள இந்தியர்கள் அங்கே பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேரலாம். அவங்களுக்கு எந்த டிகிரியும் ஓகே, நமக்கு மட்டும் இங்கிலீஷ் டிகிரியே வேணுமாம். சரி, அந்தப் புலம்பலை இன்னொரு இதழுக்கு வச்சுக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அந்த ஏழு நாட்டு ஆசிரியர்களைப் பற்றித்தான். ஈ-2 விசா ஆளுக்குக் கொடுக்கிற அனுமதின்னு நினைச்சுடாதீங்க. அந்த ஆள் இந்த முதலாளியிடம் வேலை செய்யலாம்ங்கிற அனுமதி அது. தங்கும் அறையும் பெரும்பாலும் முதலாளி கொடுப்பதுதான். இன்னொரு ஹக்வோனில் பகுதி நேரமா வேலை பார்க்கணும்னா முதலாளியின் சம்மதமும் வேணும், குடியேற்ற அலுவலகத்தின் அனுமதியும் வேணும். வீட்டுக்குப் போயோ காபிக் கடையில் உட்கார்ந்தோ தனியா ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கினா நேரடியா சட்ட மீறல். அபராதம் வரும், நாட்டை விட்டே அனுப்பவும் செய்யலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. என் பெரியப்பா பொண்ணு டேஜோன் நகரத்தில் பிஎச்.டி. பண்றாங்க. பக்கத்து வீட்டு அம்மா தன் பையனுக்கு வாரம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேசக் கத்துக்கொடுக்கச் சொல்லி, 40,000 வொன் தரேன்னு கேட்டிருக்காங்க. நம்ம காசுக்கு 2,400 ரூபாய் பக்கம். அக்காவின் மாணவர் விசாவில் அதுக்கு இடமில்லை. அதே லேபில் அக்கா பக்கத்தில் உட்காரும் கொரிய மாணவர் ட்யூஷன் எடுக்கலாம். படிச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்குக் கல்வி அலுவலகத்தில் பதிவுகூடத் தேவையில்லை. கொரியரைக் கல்யாணம் பண்ணி எஃப்-6 விசாவில் இருக்கிற வெளிநாட்டுக்காரர் பதிவு பண்ணிட்டு வீடு வீடாப் போகலாம். சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒண்ணுதான், விசா எழுத்து மட்டும்தான் வேற.

இந்த விஷயத்தில் கொரியாவுக்குப் பழைய அனுபவமும் உண்டு. 1980-இல் ஆட்சியைப் பிடிச்ச ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வான் தனி ட்யூஷனையே மொத்தமாத் தடை பண்ணினார். ட்யூஷன் நின்னுதா? ஒளிஞ்சுக்கிச்சு, அவ்வளவுதான். காலேஜ் பசங்க திருட்டுத்தனமா பாடம் எடுத்தாங்க. ‘ஒளிஞ்சு செய்யும் பகுதி நேர வேலை’ன்னு அதுக்கு ஒரு கேலிப் பெயர்கூட வந்துச்சு. கடைசியில் 2000 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா வெளிநாட்டு ஆசிரியருக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பலனும் இல்லை. அவருக்கான தடை விசாச் சட்டத்தில் இருக்கு. போதாக்குறைக்கு, பதிவில்லாத ட்யூஷனைக் காட்டிக்கொடுக்கிறவங்களுக்குச் சன்மானம் தரும் திட்டத்தை 2009-இல் அரசே கொண்டு வந்தது. கேமராவோடு அலைஞ்சு அதையே தொழிலாப் பண்ணினவங்களும் இருந்தாங்க.

அக்கா மறுத்ததும் அந்த அம்மா ஒரு கனடாக்காரரைப் பிடிச்சாங்க. பக்கத்து ஹக்வோன் வாத்தியார், ஈ-2 விசா. சனிக்கிழமை காலை காபிக் கடையில் மூலை மேஜை. யாராவது கேட்டா ‘குடும்ப நண்பர்’.

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் இருக்குன்னு சொல்வாங்க. விசாவுக்குப் பொறுப்பேத்து, வீடு கொடுத்துக் கூட்டி வந்த ஆள் தன் மாணவர்களையே வெளியே இழுத்துட்டா யாருக்கும் கடுப்பாகத்தான் செய்யும். சரி, ஒத்துக்கலாம். நம்ம ஊரிலும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. ஆனா இங்கே அந்த விதி யோசிக்கிறது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி. அங்கே பிள்ளை பேச்சே இல்லை, ஒரு மனுஷனோட சனிக்கிழமை காலை யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் பேச்சு. என் கணக்கில் அது முதலாளிக்குச் சொந்தமில்லை.

அந்தக் கனடாக்காரருக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஒரு வருஷம் முடிச்சா ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாத் தரணும், அது சட்டம். 11-ஆம் மாதம் முதலாளி அவரை நிறுத்தினார். அந்த மாதச் சம்பளமும் பாக்கி. இவர் கேட்கப் போனப்போ முதலாளி சத்தமே போடலை. ‘சனிக்கிழமை காபி நல்லா இருக்கா?’ன்னு மட்டும் விசாரிச்சாராம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் அலுவலகம், விசாவுக்குக் குடியேற்ற அலுவலகம், ரெண்டும் வேற வேற இடம்னு அக்கா எடுத்துச் சொல்லிப் பார்த்தாங்க. அவர் எந்த அலுவலகத்துக்கும் போகலை. திரும்ப அந்த நாட்டுக்குள்ளேயே விடமாட்டாங்களோன்னு பயம். பெட்டியைக் கட்டிட்டார்.

பையனோட வகுப்பு நிக்கலை. டேஜோனில் சனிக்கிழமை காலை பத்து மணின்னா வான்கூவரில் வெள்ளி சாயங்காலம். வீடியோ காலில் அதே புத்தகம், அதே 40,000 வொன். இப்போ அவருக்குக் கொரிய விசாவே தேவையில்லை.