பினாங்குக் கரையில் வருவோரை வரவேற்கும் பள்ளி

மலேசியாவின் பினாங்குத் தீவிலே, ஜார்ஜ் டவுன் நகரிலிருந்து பத்து ஃபெரிங்கி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் தஞ்சோங் பூங்கா என்னும் பகுதி உள்ளது. மலாய் மொழியில் அதற்குப் பூமுனை என்று பொருள். அங்கே கடலையொட்டி அமைந்திருக்கிறது டலாட் சர்வதேசப் பள்ளி. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பயிலும் நம் பெருநகரப் பள்ளிகளுக்கு முன் இது சிறியதே.

வியட்நாமின் மலைநகரமாகிய டலாட்டில், மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக 1929-ஆம் ஆண்டு இப்பள்ளி தொடங்கப்பட்டது. யுத்தத்தின் நிமித்தம் 1965-இல் பிள்ளைகள் பாங்காக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து கேமரன் மலைக்கும், 1971-இல் பினாங்கிற்கும் பள்ளி இடம்பெயர்ந்தது. விட்டுவந்த ஊரின் பெயரை மட்டும் அது விடவில்லை. தானே பரதேசியாய் அலைந்த பள்ளி, பரதேசிகளை வரவேற்க நன்கு அறிந்திருப்பதில் வியப்பென்ன?

இன்று இத்தகைய பள்ளிகளுக்கு ஊழியர் குடும்பங்கள் மட்டுமல்ல, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருவோரின் குடும்பங்களும் வருகின்றன. மலேசிய மாணவர் 40 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்றிருந்த விதியை அந்நாட்டு அரசு 2012-இல் நீக்கிய பின்பு, உள்ளூர்க் குடும்பங்களுக்கும் கதவு அகலத் திறந்தது.

சிறிய பள்ளியில் புதிய பிள்ளை கூட்டத்தில் மறைந்துபோவதில்லை. முதல் நாளே ஆசிரியர் அனைவரும் அதன் பெயரை அறிந்துகொள்கின்றனர். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வகுப்பில் நண்பர் நான்கு பேரே இருக்க, ஆண்டிறுதியில் இருவர் நாடு மாறினால், தங்கியிருப்பவனுக்கு உலகமே பாதியாகிவிடுகிறது. ஆகஸ்டு மாதத்தில் புதியவர் வரும்போது, மீண்டும் நட்புகொள்ள அவன் அஞ்சுகிறான். ஆகவே வருகிறவர்களுக்கு மட்டுமன்றி, இருக்கிறவர்களுக்கும் ஆறுதல் தேவை.

இப்பிள்ளைகளை மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள் என்று முதலில் அழைத்தவர் ரூத் ஹில் யூசீம் என்னும் சமூகவியல் அறிஞர். 1950-களில் அவர் ஆராய்ந்தது நம் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களையே. பின்னர் டேவிட் போலக் என்பவர், ஊர்விட்டுச் செல்லுமுன் செய்யவேண்டிய நான்கு காரியங்களைச் சொன்னார்: மனத்தாங்கலை ஒப்புரவாக்குதல், அன்பையும் நன்றியையும் வாய்திறந்து கூறுதல், விடைபெறுதல், போகும் இடத்தை எண்ணி ஆயத்தப்படுதல். மனிதரிடம் மட்டுமல்ல, வீட்டிடமும் வளர்ப்புப் பிராணியிடமும் விளையாட்டுப் பொருளிடமும்கூட விடைபெற வேண்டுமாம்! நன்றாய் விடைபெறாத பிள்ளை புதிய இடத்தில் நன்றாய் நுழைவதில்லை. மும்பையிலோ டில்லியிலோ நடுவருடத்தில் பிள்ளையைப் புதுப்பள்ளியில் சேர்த்த பெற்றோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்.

வரவேற்பில் பெரும்பாலும் மறக்கப்படுகிறவர் தாயார்தான். தகப்பனுக்கு வேலை உண்டு, பிள்ளைக்கு வகுப்பு உண்டு. அவரோ அந்நிய அடுக்குமாடியில் தனித்திருக்கிறார். பள்ளி தரும் அச்சிட்ட கையேட்டைவிட, முதல் வாரத்தில் உடன்வந்து சந்தையையும் மருத்துவரையும் காட்டும் ஒரு சகோதரியே அவருக்கு அதிகம் பயன்படுவார். தமிழ்த் தாய்மாருக்குப் பினாங்கில் இந்தப் பாரம் சற்றுக் குறைவு. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் கறிவேப்பிலையும் கிடைக்கும், தமிழ்க் குரலும் கேட்கும், நகரில் தமிழ் ஆராதனையும் உண்டு.

இன்னொன்று. புதிய பிள்ளையிடம், "உன் சொந்த ஊர் எது?" என்று நாம் அன்பாகவே கேட்கிறோம். ஒரு தேசத்தில் பிறந்து, வேறொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் படிக்கும் பிள்ளை விழிக்கிறது. "எந்தெந்த ஊர்களில் இருந்திருக்கிறாய்?" என்று கேட்டுப்பாருங்கள், அது பேசத் தொடங்கும்.