பெயரோ மலாக்கா, ஊரோ தென்னாடு!

ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பஸ் ஏறிச் சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் குயீன் ஸ்திரீட்டில்தான் கண் விழிப்பார்கள். அங்கிருந்து தேக்கா நடை தூரம். வழியில் புக்கிட் பாஞ்சாங் என்று ஓர் ஊர் வருவதைக் கவனிப்பவர் குறைவு. மலாய் மொழியில் 'நீண்ட குன்று' என்று பொருள். புக்கிட் தீமா சாலையின் பத்தாம் மைலில் இருந்த பழைய கம்பம் அது. முன்பு கித்தா மரங்கள் நின்ற பக்கம். இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 1999 முதல் எல்.ஆர்.டி. குட்டி ரயில் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை இங்கே இறங்கிப் பாருங்கள், வாசகர்களே. தஞ்சோங் பகாருக்குப் போன நமது பழைய ரயில் பாதை இந்த ஊரை ஒட்டித்தான் சென்றது. 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் போனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுமார் 24 கிலோமீட்டருக்கு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். இரு பக்கமும் புல். காலை வெயில் ஏறும் முன் போனால், பூத்த புல்தண்டில் கட்டைவிரல் அளவுக் குருவிகள் தொங்கிக்கொண்டு விதை உரிப்பதைக் காணலாம். மார்பில் மீன் செதில் போன்ற கோலம். நம் ஊரில் புள்ளிச் சில்லை, தினைக்குருவி என்பார்கள், மலாய்க்காரருக்குப் பிப்பிட்.

அதன் அலகைப் பாருங்கள். அடி தடித்து, நுனி கூராகி, பாக்குவெட்டி போல இருக்கும். விதையின் தோலை உடைக்க அப்படித்தான் வேண்டும். வீட்டு ஓரத்துச் சிட்டுக்கும் அதே வகை அலகு. கிராஞ்சிப் பக்கம் கூடு கட்டும் தூக்கணாங்குருவிக்கும் அதே வகை. அப்படியானால் மூன்றும் ஒரே சாதியா?

ஒரு காலத்தில் அறிஞர்களே அப்படித்தான் எண்ணினார்கள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, தடித்த அலகுள்ள பறவைகளில் பலவற்றை 'லாக்சியா' என்ற ஒரே கூடையில் போட்டார். அமெரிக்காவின் சிவப்புக் கார்டினலும் அதில், ஜாவாவின் நெற்குருவியும் அதில், நமது புள்ளிச் சில்லையும் அதில். பின்னால் கூடு கட்டும் விதம், குஞ்சின் வாய்க்குள் இருக்கும் புள்ளி, கடைசியாக மரபணு என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்துக் கூடையைப் பிரித்தார்கள். சிட்டு ஒரு குடும்பம், தூக்கணாங்குருவி வேறு, சில்லைகள் வேறு. ஒரே வகைத் தீனி, வெவ்வேறு குடும்பத்துப் பறவைகளுக்கும் ஒரே மாதிரி அலகைக் கொடுத்துவிட்டது!

வேடிக்கை இனிமேல்தான். 1766இல் லின்னேயஸ் ஒரு கருந்தலைச் சில்லைக்கு 'மலாக்கா' என்று பெயர் சூட்டினார். அதன் வயிறு வெள்ளை, முதுகு செம்பழுப்பு. ஆனால் அந்தக் குருவியின் சொந்த ஊர் தென்னிந்தியாவும் இலங்கையும்! மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் உள்ளதற்கு உடம்பு முழுதும் செம்பழுப்பு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனம் என்று மலாக்காப் பெயரிலேயே எழுதினார்கள், பிறகுதான் பிரித்தார்கள். இங்குள்ளதற்கு இப்போது 'அட்ரிகபில்லா' என்று பெயர், அதாவது கருமுடி. தூக்கணாங்குருவி கதையும் இதேதான். 'பிலிப்பைனஸ்' என்பது அதன் பெயர். பிலிப்பைன்ஸ் அதன் நாடே அல்ல. லின்னேயஸ் ஆசியாவில் கால் வைத்ததில்லை. யாரோ கொண்டுவந்த தகவலை நம்பி எழுதினார். தோட்டத்துக் கிராணி பெயரேட்டில் ஊரை மாற்றி எழுதிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன?

பெயர் போனால் போகட்டும் என்று விட முடியாதபடி ஒரு பறவை இருக்கிறது. ஜாவா நெற்குருவி, மலாயில் ஜெலாத்திக். சாம்பல் உடல், வெள்ளைக் கன்னம், ரோஜா நிறத்தில் பருத்த அலகு. சொந்த ஊர் ஜாவாவும் பாலியும். அழகுக்காகக் கூண்டில் அடைத்து உலகமெங்கும் விற்றார்கள். நெல்லைத் தின்கிறது என்று வயலில் கொன்றார்கள். கூண்டிலிருந்து தப்பியவை சிங்கப்பூரிலும் குடியேறின. இன்று சொந்த மண்ணிலேயே அது அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். 1997 முதல் அதன் நாடு கடந்த வாணிபத்துக்கு உலக ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. எல்லாம் குருவிதானே என்று ஒரே கணக்கில் சேர்த்திருந்தால், குறைந்துபோனது எது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

புக்கிட் பாஞ்சாங் போகிறவர்கள் அரிசிப் பொட்டலம் கொண்டு போகாதீர்கள். சிங்கப்பூரில் காட்டுப் பறவைக்குத் தீனி போடுவது குற்றம். அபராதம் கட்ட நேரிடும். போகாதவர்களும் வருந்த வேண்டாம். லயத்துக்குப் பின்னால் லாலான் புல் மண்டிய இடத்தில் காலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தலை வெளுத்த பிப்பிட் வந்தால் அது பிப்பிட் ஊபான். நரைத்த தலைக்கு மலாய்க்காரர் சொல்லும் சொல்லே அதன் பெயர்.